சுடுதண்ணீருக்கு எந்தப் பாத்திரம்?



சாலை போடும் இடத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்பவர்கள் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டுவார்கள். கிடைத்த டின்னில் தண்ணீர் காயும். டின்னைக் கழுவியாயிற்று, தண்ணீரும் கொதித்தாயிற்று, இனி என்ன கெடுதல் என்று நினைப்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். டின்னில் ஒட்டியிருக்கும் விஷம் போகாது.

பீகாரில் சாரன் மாவட்டத்தில் கண்டாமன் என்று ஓர் ஊர். 2013 ஜூலை 16 அன்று அங்கே பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. பூச்சி மருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததாக அதிகாரிகள் கூறினார்கள். அதுவும் அடுப்பில் வெந்த சாப்பாடுதான்.

பூச்சி மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை இவற்றில் ஒரு நிறம். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று போட்டது. சிவப்பு மிகக் கொடியது. பச்சை என்றாலும் மருந்து மருந்துதான். குளிக்கத்தானே என்று அந்த டப்பாவில் வெந்நீர் வைப்பதும் தவறு. இந்த விஷம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். காலி டப்பாவை ஓட்டை போட்டு நசுக்கிவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

பெயின்ட் டப்பாவும் ஆகாது. பழைய பெயின்ட்டில் காரீயம் இருக்கும். பற்றவைத்த தகர டின்னின் மூட்டிலும் காரீயம் உண்டு. பாத்திரத்துக்குக் கலாய் பூசும் வெள்ளீயம் வேறு, இது வேறு. காரீயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். தீ தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறினால் மூட்டு இளகும். பிடி கழன்று வெந்நீர் காலில் கொட்டும்.

துத்தநாகம் பூசிய வாளி குளிக்கும் தண்ணீருக்குப் போதும். குடிக்கும் தண்ணீருக்கு வேண்டாம்.

எவர்சில்வர், இரும்பு, கனமான அலுமினியம் நல்லவை. அடி அகலமாக இருந்தால் கல்லில் ஆடாமல் நிற்கும். தண்ணீர் வற்ற விடக் கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். விறகுத் தீ அதற்கு மேலும் போகும். மண்பானைக்கு முதலில் சிறு தீ போதும். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரியும்.

எந்தப் பாத்திரமானாலும் மூடியை இறுக்கக் கூடாது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். இறுக மூடிய டின் வெடிக்கும். மூடி சும்மா மேலே கிடந்தால், ஆவி அதைத் தூக்கிவிட்டுப் போய்விடும்.