படப்பிடிப்புத் தளத்தில் கடைநிலை உதவியாளர்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர மாணவிகளுக்கு நடைபெற்ற தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)



வைத்தியராவது எப்படி என்று பேசத்தான் எங்களை அழைத்தீர்கள். அதைச் சொல்ல இந்த மண்டபத்தில் போதிய பேர் இருக்கிறோம். எங்கள் வகுப்பின் சார்பில் வேறொன்றைப் பேச அதிபரிடம் அனுமதி கேட்டோம். காரணம், உங்களில் ஒருவரின் அம்மா அண்மையில் எங்களிடம் வந்தார். மகள் சினிமாவில் உதவியாளராகச் சேரப்போகிறேன் என்று நிற்கிறாளாம்; நாங்கள் புத்தி சொல்ல வேண்டுமாம்.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். மின்சாரம் இல்லாத 90களில் ஜெனரேற்றர் வைத்து ஊரில் எங்காவது படம் போடுவார்கள். நாங்கள் கதையைப் பார்த்து அழுவோம். அவளோ, "வலக்கையில் இருந்த காப்பு இப்ப இடக்கையில் இருக்கு" என்பாள். படம் பார்க்க விடமாட்டாள் என்று அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தாள். கொழும்பில் படப்பிடிப்பு வேலைக்குப் போகிறேன் என்றபோது, "தேத்தண்ணி ஊத்தவோ இவ்வளவு படிச்சனி?" என்று கேட்டோம். அவளுடைய வீட்டார் கேட்க முன்பே கேட்டது நாங்கள்தான்.

சுமித்ரா பீரிஸ் 1978 இல் 'கெஹெனு லமய்' படத்தை இயக்கினார். அதற்கு எவ்வளவோ முன்னர், 1960 இல் வெளிவந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர் அவர். அன்று எங்களுக்கு அவருடைய பெயர்கூடத் தெரியாது.

தோழி தேத்தண்ணியும் ஊற்றினாள். அதுவும் வேலைதான். அதோடு எல்லோருடைய பெயரும் தெரிந்துவிட்டது. லைற் தூக்கும் பொடியனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவளுக்கு, அவசரத்தில் அவன் முதலில் உதவுவான் என்று சொல்வாள். சிங்களமும் அங்கேதான் பழகினாள், வெட்கப்படாமல் பிழைவிட்டு.

நாங்கள் உள்ளகப் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒருநாள் வாட்டுக்குப் போன் எடுத்தாள். "சேலைன் ஏறுகிற நோயாளிக்குக் கனுலாவை எந்தக் கையில் போடுவீர்கள்? மூன்று நாளில் பிளாஸ்ரர் எப்படி அழுக்காகும்?" என்று கேட்டாள். சிரித்தோம். பிறகு விடுமுறையில் அவளுடைய கொப்பியைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. படத்தைக் கதையின் ஒழுங்கில் எடுப்பதில்லை. நாற்பதாம் காட்சியைத் திங்களும் பன்னிரண்டாம் காட்சியைச் செவ்வாயும் எடுப்பார்கள். போத்தலில் சேலைன் எவ்வளவு, எந்தப் பொத்தான் திறந்திருக்கிறது, முடி எந்தத் தோளில் கிடக்கிறது, எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதியிருந்தாள். எங்கள் பி.எச்.ரி.களில் பாதி அந்த ஒழுங்கில் இருந்ததில்லை.

அப்படியிருந்தும் பிழை வந்தது. இடக்கையில் இருந்த கனுலாவை அடுத்த நாள் வலக்கையில் ஒட்டிப் படம் பிடித்துவிட்டார்கள். பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள், கவனிக்கவில்லை. கொப்பியைத் திறந்தபோதுதான் கண்டாள். வேறு ஒருவருக்கும் தெரியாது. லைற்றுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். ஓடிப்போய் உதவி இயக்குநரிடம் சொன்னாள். எல்லோர் முன்னிலையிலும் பேச்சு வாங்கினாள். ஆனால் கட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. அரை மணித்தியாலத்தில் திருப்பி எடுத்துவிட்டார்கள். மறுநாள் சொல்லியிருந்தால் அந்தத் தளத்தையே மறுபடி போட வேண்டி வந்திருக்கும். அடுத்த படத்துக்கு அவளைக் கூப்பிட்டது, பேசிய அந்த மனிதர்தான்.

எங்களில் ஒருத்தியும் அந்த ஆண்டில் இரத்த மாதிரிக் குழாயில் பக்கத்துக் கட்டில்காரரின் பெயரை ஒட்டிவிட்டாள். ஆய்வுகூடப் படியில் நினைவு வந்து திரும்பி ஓடினாள். அவளுக்கும் பேச்சு விழுந்தது.

இனி, சேர நினைக்கும் தங்கைக்குச் சில விடயங்கள். முதல்நாள் இரவு தரும் கோல் சீற்றில் இடம், நேரம், காட்சி எல்லாம் இருக்கும். அதை மனப்பாடம் செய்துவிட்டு, குறித்த நேரத்துக்கு முன்பே போய் நில்லுங்கள். விளங்காததை அப்போதே கேளுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். தளத்துப் படங்களைக் கைபேசியில் எடுத்து ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

சம்பளத்தைச் சேரமுன் கேளுங்கள்: எவ்வளவு, எந்தத் திகதியில், இரவு முடிந்தால் வீட்டுக்கு வாகனம் யார் தருவது, வெளியூர் என்றால் அறையில் யாரோடு? எங்கள் தோழி இவற்றைக் கேட்கக் கூச்சப்பட்டாள். முதல் வேலையில் பஸ் காசு மட்டுமே கிடைத்தது. மிச்சம் இன்றுவரை வரவில்லை. இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்துக்குப் போக வேண்டாம் என்று அந்த அம்மாவுக்கும் சொன்னோம். போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருமுறை சொன்னது போதும்.

வைத்தியர்களாக ஒன்று. வெளிப்புறப் படப்பிடிப்பில் மலசலகூடம் தூரம் என்று பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். தோழிக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு எங்களிடம்தான் வந்தாள். தண்ணீர் குடியுங்கள். மலசலகூடம் எங்கே என்று போன உடனேயே கேட்டு வையுங்கள்.

தோழி இன்று வந்திருக்கிறாள். மேடைக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். கடைசி வரிசையில் கொப்பியோடு இருக்கிறாள். எப்படியும் எங்கள் பேச்சில் பிழை குறித்திருப்பாள். தேநீர் இடைவேளையில் நூலகத்தில் இரண்டு கதிரைகள் போட்டிருக்கிறோம். ஒன்று அவளுக்கு. அந்தத் தங்கை வந்தால் மற்றது அவளுக்கு. அம்மாவும் வருவதாயிருந்தால் இன்னொன்று போடுவோம்.