விமானம் பார்க்கப் போனவன்

சித்தூரில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் நம் தமக்கையின் மகன் ஒரு நாள் நம்மிடம் வந்து, “மாமா, ‘பிளேன் ஸ்பாட்டர்’ என்கிறார்களே, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டான். இருபது ஆண்டுகளாக மத்திய சர்க்காரின் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்து வரும் நமக்கு உடனே விடை தோன்றவில்லை. ‘விமானம் பார்ப்பவர்’ என்றோம். “பெண் பார்ப்பவர் என்பது போல் இருக்கிறதே” என்று சிரித்தான்.

சிரித்தானே ஒழிய, அந்தச் சொல் அவனுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம் ஒரு விமானதளத்தின் வேலிக்கு வெளியே காமிராவுடன் நின்ற குற்றத்திற்காக அவனை ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார வைத்து விசாரித்திருந்தார்கள். ‘நீ யார்?’ என்ற கேள்விக்கு அவனால் விடை கூற முடியவில்லை. கலியாணப் படம் எடுப்பவன் என்றால், கலியாணம் எங்கே என்று கேட்டார்களாம்!

இந்தப் பித்து அவனுக்கு ரயிலில் பிடித்தது. திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி வழியாக அரக்கோணம் செல்லும் வண்டியில் சிறுவயதில் அடிக்கடி போய் வந்தவன் அவன். அரக்கோணத்தில் 1992-இல் கடற்படையின் ராஜாளி விமானதளம் தொடங்கப்பட்டது. ரஷ்ய நாட்டு டியூ-142 விமானங்கள் அங்கிருந்து பறந்தன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். அந்த இரைச்சலைக் கேட்டவர் மறவார். 2013-இல் பி-8ஐ என்னும் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கின. 2017-இல் டியூ-142 ஓய்வு பெற்றது. அவற்றில் ஒன்று இன்று விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் காட்சிப் பொருளாக நிற்கிறது. சீட்டு வாங்கியவர் எவரும் அதன் முன் நின்று படம் எடுத்துக் கொள்ளலாம்.

படைத்தளங்களைத் தடை செய்யப்பட்ட இடங்களாக வகுத்தது 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம். அதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எல்லை காக்கும் நாட்டிற்குச் சந்தேகம் ஓரளவு வேண்டியதே. பிற நாடுகளிலும் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் கிரேக்க நாட்டின் கலமாட்டா விமானதளத்தில், விமானங்களைப் பார்க்கச் சென்ற பன்னிரண்டு பிரிட்டிஷ்காரர்களும் இரண்டு டச்சுக்காரர்களும் ஒற்றர்கள் என்று கைது செய்யப்பட்டனர். வாரக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் தண்டனை. நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. விமானத்தின் எண்ணை ஏட்டில் குறித்துக் கொள்வது ஒரு பொழுதுபோக்கு என்பதை அங்கே விளங்க வைப்பது எளிதாக இல்லை. சொல் இல்லாத ஊரில் பொருளை எப்படி நம்புவார்கள்? 2010-இல் தில்லி விமான நிலையத்தை அடுத்த விடுதியில் பிடிபட்ட இரு பிரிட்டிஷ்காரர்களும் அபராதம் கட்டிய பின்னரே ஊர் திரும்பினர்.

இவ்வளவும் அறிந்தே நம் பையன் பணம் சேர்த்து இங்கிலாந்து சென்றான். சபோக் மாவட்டத்திலுள்ள லேக்கன்ஹீத், அமெரிக்க விமானப்படை பயன்படுத்தும் தளம். எப்-15, எப்-35 ஜெட் விமானங்கள் அங்கே இருக்கின்றன. வேலிக்கு வெளியே சிற்றேணியும் தேநீர்க் குடுவையுமாகக் கிழவர்கள் நாள் முழுதும் நிற்பதைக் கண்டு வியந்து போனான்.

ஜெட் விமானத்தைப் படம் பிடிப்பதில் ஒரு சௌகரியம் உண்டாம். விசிறி உள்ள விமானமாயின் ஒளித்திறப்பின் வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி அசையாமல் நிற்பதுபோல் படம் உயிரற்றுப் போகும். ஜெட்டிற்கு அந்தக் கவலை இல்லை. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதனினும் குறைவு என்று வைத்துக் கொள்ளலாம். பகைவன் வெயில்தான். சூடேறிய ஓடுபாதையின்மேல் காற்று நடுங்கும். படமும் நீரில் கண்டதுபோல் நெளியும். சித்தூர் வெயிலில் பழகியவனுக்கு அந்தக் குளிர்நாட்டு ஒளி பெரிய வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

முதல் நாள் அவன் காமிராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டாம் நாள் எடுத்தான். அப்பொழுது காவல் வண்டி ஒன்று வந்து அருகில் நின்றது. நம்மிடம் எழுதி வாங்கிச் சென்ற ஆங்கிலக் கடிதத்தைத் தேடிச் சட்டைப்பையில் கையை விட்டான். வண்டியிலிருந்து இறங்கியவர், வழியை மறிக்காமல் ஏணியைச் சற்றுத் தள்ளிப் போடும்படி பக்கத்துக் கிழவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிழவர் இவன் பக்கம் திரும்பி, இன்னும் இரண்டு விமானங்கள் வரப்போகின்றன, தயாராக இரு என்றாராம்.

வந்தன. ஆனால் அவன் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. நல்ல படங்கள் நூற்றுக்கு மேல் கொண்டு வந்தவன், கலங்கிப்போன அந்த ஒன்றைத்தான் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறான். கலியாணப் படத்திற்கு முன்பணம் கொடுக்க வருபவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன பறவை என்று கேட்கிறார்கள்.