பட்டமும் பழகுநர் பயிற்சியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வணிக மேலாண்மை பயில்வோர் பெருநிறுவனங்களில் பெறும் பழகுநர் பயிற்சியைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். மருத்துவம், பொறியியல், அரசுத் தேர்வு ஆகியவை பற்றி இம்மேடையில் பலர் பேசியுள்ளனர். பி.பி.ஏ., பி.காம். படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நம் வீடுகளிலோ அவர்களே மிகுதி.

திருச்சிராப்பள்ளிக்குப் பழகுநர் என்னும் சொல் புதியதன்று. தென்னிந்திய இரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு வந்த நாள்தொட்டு இவ்வூர் அச்சொல்லை அறியும். அண்ணல் அம்பேத்கர் 1942-இல் வைசிராய் லின்லித்கோவுக்கு அளித்த முறையீட்டில், நம் மக்களின் பிள்ளைகளை அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். உயர்கல்விக்கு உதவி கேட்ட அதே முறையீட்டில் இதனையும் கேட்டார் என்பது கருதத்தக்கது. 1965-இல் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாகியா நாட்டின் துணையோடு பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. நம் தந்தையர் பலர் இத்தகைய ஆலைகளில் ஃபிட்டராகவும், வெல்டராகவும், கலாசியாகவும் நுழைந்தனர். இன்று நிமிர்ந்து நிற்கும் நம் குடும்பங்கள் பல அந்தச் சம்பளத்தில் எழுந்தவையே. ஆயின் அவர்கள் கண்டது பட்டறையின் தரை. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்று முடிவு செய்யும் மேசையை அவர்களுள் மிகச் சிலரே கண்டனர்.

மேலாண்மை என்பது மேனாட்டிலிருந்து வந்த கலை என்பார் உளர். நாம் கூடியிருக்கும் இத்திருவரங்கத்தையே எண்ணிப் பாருங்கள். உடையவர் இக்கோயிலின் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக வகுத்தார் என்று கோயிலொழுகு கூறுகிறது. யாருக்கு எப்பணி, யாருக்கு எம்முறை என்று வகுத்து எழுதிய ஏடு அது. நம் முன்னோர் அவ்வேட்டைப் புரட்டியவர் அல்லர். 1947-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வரும் வரையில், உள்ளே செல்லும் உரிமையே அவர்களுக்குச் சட்டப்படி உறுதிப்படவில்லை. கணக்கேடு யார் கையில் இருக்கிறது என்பதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தில் 1973-இல் ஒரு திருத்தம் செய்யப்பெற்றது. பொறியியல் பட்டதாரிகளை அச்சட்டத்துக்குள் கொணர்ந்த அத்திருத்தமே, 3-ஏ என்னும் பிரிவையும் சேர்த்தது. பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கீடு செய்தல் வேண்டும் என்பது அப்பிரிவு. அரசு நிறுவனம், தனியார் நிறுவனம் என்ற வேறுபாடு அதில் இல்லை. தனியார் துறையில் நமக்கு ஒதுக்கீடே இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். வேலைக்கு இல்லை என்பது உண்மை. பழகுநர் இடத்துக்கு உண்டு என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? கேட்பார் இல்லாத உரிமை காகிதத்திலேயே உறங்கும்.

2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம் பழகுநரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றும், பட்டதாரிப் பழகுநரின் மாத உதவித்தொகை 9,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்றும் 2019-ஆம் ஆண்டு விதிகள் கூறின. பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்பின் உள்ளேயே ஒரு பகுதியாக அமைத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. படித்துக்கொண்டே பழகுவதும், படித்து முடித்துப் பழகுவதும் ஆகிய இரண்டு வழிகளும் இன்று உண்டு.

உள்ளே சென்ற பிள்ளை என்ன காண்கிறான், என்ன காண்கிறாள்? நம் பிள்ளைகள் சிலர் கூறக் கேட்டதைக் கூறுகிறோம். முதற்கிழமையில் நுழைவுச் சீட்டு, பாதுகாப்பு வகுப்பு. பின்னர்ப் பிரிவு பிரிவாக அனுப்புவர். மனிதவளப் பிரிவில் வருகைப் பதிவேடு, கணக்குப் பிரிவில் பில். இவற்றைக் கல்லூரிப் பாடம் ஓரளவு முன்னரே காட்டியிருக்கும். பாடநூல் காட்டாத பிரிவு ஒன்று உண்டு. அது கொள்முதலும் பண்டகசாலையும் ஆகும்.

பட்டறைக்கு ஒரு வால்வு வேண்டும் என்றால், முதலில் இண்டென்ட் என்னும் தேவைச் சீட்டு எழ வேண்டும். கையிருப்பு உண்டா என்று ஸ்டோர்ஸில் பார்க்க வேண்டும். இல்லையெனில் டெண்டர். தொழில்நுட்பம் ஓர் உறையிலும் விலை மற்றோர் உறையிலும் வரும். முதல் உறையில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிரிப்பர். கொள்முதல் ஆணை, பொருள் வரவு, தரப் பரிசோதனை ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் பில்லுக்குப் பணம். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் கோப்பு நின்றுவிடும். ஓராண்டு இதனை அருகிருந்து பார்த்தவனுக்கு, நிறுவனம் என்பது பெருஞ்சுவர் அன்று, வரிசையாக வைக்கப்பட்ட சில கையெழுத்துகள் என்பது விளங்கிவிடும்.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? மைய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை ஆணையை நம்மவருள் படித்தவர் அரியர். மைய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்பது அவ்வாணை. முதலில் 20 விழுக்காடாக இருந்த அப்பங்கு 2018-இல் 25 ஆக உயர்த்தப்பெற்றது. அதற்குள் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு உரியது. முன்வைப்புத் தொகை கட்ட வேண்டுவதில்லை. மிகக் குறைந்த விலைக்கு மேல் 15 விழுக்காட்டுக்குள் விலை கூறியிருந்தால், அக்குறைந்த விலைக்கு இறங்கி ஒரு பகுதியைப் பெறலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். ஆனால் அவ்வாணையிலேயே இன்னொரு வரியும் உண்டு: நம்மவர் டெண்டரில் கலந்துகொள்ளாவிடினும், நிபந்தனையில் தேறாவிடினும், அந்த 4 விழுக்காட்டையும் ஏனைய சிறு நிறுவனங்களிடமே வாங்கிக்கொள்ளலாம். வராதவன் பங்கு வந்தவனுக்குப் போய்விடும்.

துவாக்குடித் தொழிற்பேட்டையைச் சென்று பாருங்கள். கொதிகலன் ஆலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்தே அங்கு எத்தனையோ பட்டறைகள் வளர்ந்தன. 2010-க்குப் பின் வந்த ஆண்டுகளில் அனல் மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைந்தபோது அவற்றுள் பல தள்ளாடின என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரே வாடிக்கையாளரை நம்பிய தொழிலுக்கு அந்த இடர் என்றும் உண்டு. ஆயினும் அங்கே வெல்டிங் செய்யும் கைகளில் நம் கைகள் குறைவல்ல. பட்டறையின் உரிமைப் பத்திரத்தில் நம் பெயர் அரிது. வெல்டிங் தெரிந்த அண்ணனும், டெண்டர் தெரிந்த தம்பியோ தங்கையோ சேர்ந்தால் அங்கே ஒரு தொழில் பிறக்கும். முதலுக்கு வழியில்லை என்பீர்கள். தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் அளிப்பதாக அமைந்தது. மானியத்தைப் பெறுவதினும் முதல் டெண்டரைப் பிழையின்றி நிரப்புவது கடினம். அக்கல்வி பழகுநர் ஆண்டில் கிடைக்கிறது என்பதே நாம் வற்புறுத்துவது.

கசப்பையும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய நிறுவனத்தில் நம் பெண் பிள்ளை ஒருத்தியை நான்கு திங்கள் நகலெடுக்கும் இயந்திரத்தருகிலேயே நிறுத்தியிருந்தனர். உடன் சேர்ந்த மற்றவர்கள் கொள்முதல் குழுக் கூட்டங்களில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தனர். பயிற்சித் திட்டத்தின் நகலை எடுத்துச் சென்று, எந்த மாதம் எந்தப் பிரிவு என்று அதிகாரியிடம் பணிவோடு கேட்ட பின்னரே அவளுக்கு நாற்காலி கிடைத்தது. இன்னொரு பிள்ளைக்கு அலுவலகத்தில் குறையொன்றும் இல்லை, வாடகை அறை தேடிய இடத்தில்தான், "தம்பிக்கு ஊரில் எந்தத் தெரு?" என்று கேட்டனர். அவன் தெருப் பெயரை மறைக்காமல் சொன்னான். அறை கிடைக்கவில்லை. ஆறு திங்கள் நாள்தோறும் இரண்டு பேருந்து மாறிச் சென்றான்.

சட்டம் தராததையும் அறிந்து செல்லுங்கள். பழகுநர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று 18-ஆம் பிரிவு கூறுகிறது. காயமுற்றால் இழப்பீடு உண்டு. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றத் தகுதிகள் சமமாக இருப்பின் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியது. அம்முன்னுரிமை வேலை உறுதி ஆகாது. "ஓராண்டு உழைத்தும் வேலை தரவில்லையே" என்று பிள்ளையைக் கடியும் பெற்றோர் இதனை உணர வேண்டும். வேலை ஒன்றையே எண்ணிச் செல்பவனுக்கு அது வீணான ஆண்டாகத் தோன்றலாம்.

செல்வோர் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். பதிவில்லையேல் சான்றிதழ் இல்லை. சாதிச் சான்றிதழை விண்ணப்பத்தோடே இணையுங்கள். அன்றன்று கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நிறுவனத்தின் விலை விவரங்களை மட்டும் எழுதாதீர்கள், அது நேர்மையன்று.

கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. முதல் உதவித்தொகை கைக்கு வரும் முன்னரே அறைக்கு முன்பணமும் சாப்பாட்டுச் செலவும் வந்துவிடுகின்றன. அதற்கு அஞ்சியே சேராமல் நின்ற பிள்ளைகளை நாம் அறிவோம். விழா நிதியில் மிஞ்சும் தொகையை, திருவெறும்பூர்ப் பக்கம் பயிற்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு மாதச் செலவுக்கான வட்டியில்லாக் கடனாக வழங்கலாம் என்று முன்மொழிகிறோம். ஆண்டு முடிவில் அவர்கள் திருப்பிச் செலுத்தட்டும். செலுத்தும் நாளில் தம் குறிப்பேட்டையும் கொணர்ந்து, அடுத்துச் செல்வோருக்குப் படித்துக் காட்டட்டும். செயற்குழு இதனை எடுத்துக்கொள்ளும் என நம்புகிறோம்.