மண்ணுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

(கொடைக்கானல் மேல்மலை, போளூரில் பேசியதன் சுருக்கம்)



பட்டாணி ஒரு காட்டில் நன்றாய் வந்து, அடுத்த காட்டில் சோடை போனால் என்ன சொல்லுகின்றோம்? மண் ராசி என்கின்றோம். விதைத்தவன் கைராசி என்கின்றோம். தீட்டான பெண் காலை வைத்துவிட்டாள் என்றுகூடச் சொல்லிவிடுகின்றோம். ஒருவராவது செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தோமா என்றால், இல்லை.

பார்த்தால் வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். அதற்குள் குடியிருப்பது ரைசோபியம் என்னும் கிருமி. காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு. அதையே தழைச்சத்து என்று மூட்டையாய்ப் பணம் கொடுத்து வாங்குகின்றோம். செடியோ அந்தக் காற்றிலேயே நின்றும் அதைத் தானாய் எடுத்துக்கொள்ளச் சக்தியற்றது. இந்தக் கிருமிதான் எடுத்துக் கொடுக்கின்றது. 1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் இதை எடுத்துக்காட்டினார். 1888-ல் ஹாலந்துக்காரரான பெய்ஜரிங்க் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார்.

கிருமி இனாமாய் உழைக்கின்றதா? இல்லை. இலை தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கு அதற்குக் கூலி. வேர் ஒரு ரசத்தைக் கசியவிட்டு அழைக்கின்றது. கிருமி பதில் ரசம் விடுகின்றது. வேர்மயிர் சுருண்டு அதை உள்ளே வாங்கிக்கொள்கின்றது. பட்டாணிக்கு ஏற்ற கிருமி சோயாவுக்கு ஆகாது. சரி, உள்ளே வந்து வேலை செய்யாமல் உண்டால்? 2003-ல் வெளிவந்த ஒரு பரீட்சையில், நைட்ரஜன் கொடுக்க முடியாமல் செய்யப்பட்ட முடிச்சுகளுக்குச் சோயாச் செடி பிராணவாயுவைக் குறைத்துவிட்டது. அங்கே கிருமிகளின் பெருக்கமும் குறைந்தது. உழைக்காமல் உண்பவனை உட்காரவைத்துக் கும்பிடும் புத்தி செடிக்கு இல்லை!

அப்படியிருக்க, பட்டாணிக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினால் என்ன ஆகும்? சத்து சும்மா கிடைக்கின்றதென்று செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். காற்றிலிருந்து வரவேண்டியதற்குக் கடையில் விலை கொடுத்தது நாமேயாவோம். (பீன்ஸ் இதில் சற்றுச் சோம்பேறி, அதற்குக் கொஞ்சம் உரம் வேண்டியதுதான்.)

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் மலைப்பூண்டுக்கு முடிச்சு கிடையாது. அதன் வேரில் ஒருவகைப் பூசணம் சேர்ந்து, நூல்போல் ஓடி, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவருகின்றது.

இவையெல்லாம் நமக்காகவே ஏற்பட்டவை என்றும் எண்ணவேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் என்னும் சீகை மரம் சத்தற்ற மண்ணிலும் தழைத்து உங்கள் புல்வெளிகளை விழுங்குவதற்கும் இந்த வேர்முடிச்சு ஒரு காரணம்.

நான் சொன்னதற்காக எதையும் நம்பாதீர்கள். பட்டாணிக்கென்று விற்கும் ரைசோபியம் பொட்டலத்தை ஆறிய கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, ஒரு பாத்தியில் அன்றே விதையுங்கள். அடுத்த பாத்தியில் வெறும் விதை போடுங்கள். பூக்கும் சமயத்தில் இரண்டிலும் பிடுங்கி முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாயிருந்தால் வேலை நடக்கின்றது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. இரண்டு பாத்தியிலும் சிவப்பு நிறைந்திருந்தால் உங்கள் மண்ணில் கிருமி முன்னமே போதிய அளவு உண்டு. பொட்டலக் காசு மிச்சம். இரண்டிலும் இல்லையென்றால் பொட்டலத்திலிருந்த கிருமி செத்ததோ என்று விற்றவரைக் கேளுங்கள்.