மாதிரி ரயிலில் அணையா விளக்கு



மாதிரி ரயிலை ஓடச் செய்வது அவ்வளவு கடினமன்று. எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால் அது ஓடிவிடும். அதன் பின்னே செல்லும் பயணிகள் பெட்டியின் சன்னல்களில் நடுங்காத வெளிச்சம் தெரிய வேண்டுமென்றால்தான் நமக்கு வேலை வருகிறது. அந்த வேலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். உங்கள் பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாய் இருக்கும் மின்சுற்று, உராய்வு, திருப்புத்திறன் ஆகிய மூன்றும் அங்கே ஓரடி நீளத்துக்குள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

முதலில் ஒரு சொல். நம் நாட்டுப் பேச்சில் பெட்டியையே 'போகி' என்கிறோம். உண்மையில், பெட்டியின் இரு முனைகளிலும் அடியில் நின்று அதைத் தாங்கும் சக்கரச் சட்டத்துக்கே அப்பெயர் உரியது. அமெரிக்கர் அதனை 'டிரக்' என்பர். நம் பேச்சுக்கு உரியது இந்தப் போகியே.

பெரிதும் வழங்கும் எச்.ஓ. என்னும் அளவில் மாதிரி வண்டி மெய்வண்டியில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இரு தண்டவாளங்களுமே மின்சாரத்தின் இரு கம்பிகள். அவற்றிடையே 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் தரப்படும். ஆகவே ஓர் அச்சின் இரு சக்கரங்களும் அந்த அச்சின் வழியே மின்தொடர்பு கொள்ளலாகாது. இதற்காக ஒரு சக்கரத்தை மட்டும் காப்புப் பொருளால் அச்சினின்று பிரித்திருப்பர்.

மெய்யான ரயிலில் நிலைமை நேர்மாறானது என்பதைக் கவனியுங்கள். அங்கே சக்கரங்களும் அச்சும் ஒரே உலோக உடல். அது இரு தண்டவாளங்களையும் இணைப்பதைக் கொண்டே, அந்தப் பாதையில் வண்டி நிற்பதைக் கைகாட்டி அறிகிறது. வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-இல் காப்புரிமை பெற்ற முறை அது. அங்கே உயிர்களைக் காக்கும் அதே இணைப்பு, இங்கே ரயிலை நிறுத்திவிடும்! மெய்ப்பெட்டிகளின் விளக்குகளுக்கு நெடுங்காலம் அச்சுடன் வாரால் பிணைத்த டைனமோவும், பெட்டியின் அடியில் தொங்கும் மின்கலங்களும் உதவின. மாதிரிப் பெட்டியோ தண்டவாளத்திலிருந்தே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளலாம்.

வாங்குவது எப்படி? பிளாஸ்டிக் சக்கரங்கள் இருந்தால் அவற்றை நீக்கி உலோகச் சக்கரங்களைப் பொருத்துங்கள். முன்போகியின் இரண்டு அச்சுகளிலும் காப்பிட்ட சக்கரம் வலப்புறம் இருக்கட்டும், பின்போகியில் இடப்புறம். அப்போது முன்போகி இடத் தண்டவாளத்திலிருந்தும், பின்போகி வலத் தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் பெறும். ஒவ்வொரு போகியின் அச்சையும் ஒரு மெல்லிய தகடு தொட்டுக்கொண்டிருக்க, அதிலிருந்து கம்பியொன்று விளக்குக்குச் செல்லும். போகி வளைவுகளில் திரும்ப வேண்டுமாதலால் கம்பி மெல்லியதாய், சற்றுத் தளர்வாய் இருத்தல் வேண்டும். ஓர் அச்சைத் தலைமாற்றிப் போட்டுவிட்டால், ஒரே தகட்டில் இரு தண்டவாளங்களும் சந்தித்து, பாதை முழுவதும் குறுக்குச்சுற்றால் முடங்கும்.

இவ்வளவு செய்தும் விளக்கு மினுக்மினுக்கென்று துடிப்பதுண்டு. மாணவர்கள் உடனே விளக்கைப் பழிப்பதை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். பாவம், விளக்கு என்ன செய்யும்? குற்றம் தொடர்பில் இருக்கிறது. ஒரு தண்டவாளத்தைத் தொடுபவை இரண்டே சக்கரங்கள், அவையும் அருகருகே. ஒரு சிறு அழுக்கு, அல்லது பாதை பிரியுமிடத்தில் உள்ள பிளாஸ்டிக் துண்டு போதும், சுற்று அறுந்துவிடும். காப்பிட்ட சக்கரங்களையும் தொடும் தகடுகளை வைத்தால் எட்டுச் சக்கரங்களும் மின்சாரம் தரும். ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் நான்கு, அதுவும் பெட்டியின் இரு முனைகளிலும்.

ஆனால் தொடுவது எதுவும் தடுக்கவும் செய்யும். தகட்டை அழுத்தினால் தொடர்பு உறுதிப்படும். சக்கரமோ சுழலாமல் வழுக்கும். ஒரு பெட்டியில் இது தெரியாது. பத்துப் பெட்டிகளைக் கோத்து ஏற்றத்தில் விட்டால் எஞ்சின் மூச்சு வாங்கும். இங்கேதான் திருப்புத்திறன் கைகொடுக்கிறது. சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர், அச்சின் விட்டம் 2. ஒரே அழுத்தத்தில் தொட்டாலும், விளிம்பில் உரசும் தகட்டைவிட அச்சில் உரசும் தகடு ஐந்தில் ஒரு பங்கே தடையாகும். காப்பிட்ட சக்கரத்தையும் அதன் உட்புறத்தில், நடுவுக்கு அருகே தொடச் செய்யுங்கள். தகட்டுக்கு நான் விரும்புவது பாஸ்பர் வெண்கலம். அது வளைந்தபின் மீண்டும் தன் நிலைக்கு வரும். செம்பு அப்படியே வளைந்து கிடக்கும்.

எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் ஒரு திசையிலேயே செல்ல வேண்டும். ரயிலைப் பின்னோக்கி ஓட்டும்போதோ திசை மாறிவிடும். நான்கு டையோடுகளால் ஆன பாலச் சுற்று இக்குறையைத் தீர்க்கும். அதில் 1.4 வோல்ட் குறைய, மிஞ்சுவது 10.6. வெண்ணிற எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 5 மில்லி ஆம்பியருக்கு வேண்டிய மின்தடையை நீங்களே கணக்கிடுங்கள். 1,500 ஓமுக்கு அருகில் வரும். பாலச் சுற்றுக்கு அடுத்து 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை, 25 வோல்ட் தாங்கக்கூடியதாய், முனை மாறாமல் இணைத்தால், தொடர்பு நொடிப்பொழுது அறுந்தாலும் வெளிச்சம் சட்டென்று அணையாது.

நிலையத்தில் ரயில் நின்றதும் இந்த விளக்கு மெல்ல மங்கி அணையும். நிறுத்துவதென்றால் தண்டவாளத்தின் அழுத்தத்தையே எடுத்துவிடுகிறோம் அல்லவா? நின்ற வண்டியிலும் விளக்கு எரிய வேண்டுவோர், தண்டவாளத்தில் எப்போதும் மின்னழுத்தம் இருக்க, கட்டளையை மட்டும் எஞ்சினுக்கு அனுப்பும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டுக்கு மாறுகின்றனர். அதற்கும் இதே போகியும் இதே தகடும்தான்.