கோட்டின் மேல் யார்?



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவருடைய பெயரை அவைத் தலைவர் பட்டங்களோடு மூன்று முறை சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பெயர் வாயில் வராது. எட்டாம் வகுப்பிலிருந்து அவர் எங்களுக்குச் 'சார்'. இந்த ஒரு மணி நேரமும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் வந்து இந்தச் செங்கல்பட்டில் படித்தவன் நான். எங்களுக்கு இங்கிலீஷ் இலக்கணம் என்றால் ரென் அண்ட் மார்ட்டின். 1935-இல் வந்த புத்தகம். அதற்கு முந்திய தலைமுறைக்கு நெஸ்ஃபீல்டு. இரண்டிலும் 'அனாலிசிஸ்' என்று ஒன்று வரும். வாக்கியத்தைத் துண்டு போட்டு, சப்ஜெக்ட் ஒரு கட்டத்தில், ஆப்ஜெக்ட் ஒரு கட்டத்தில் என்று பிரித்து அடைக்க வேண்டும். மீனை வெட்டிக் கூறு வைத்த மாதிரி இருக்கும். தலை இது, நடுத்துண்டு இது, வால் இது. ஆனால் மீன் எப்படி நீந்தியது என்பது கூறு வைத்தபின் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் சார் கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினார். 'தி ஓல்ட் மேன் ஹூ மெண்டட் தி நெட் சோல்ட் தி ஃபிஷ்.' மீனை விற்றது யார் என்று கேட்டார். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "வலை சார்" என்றான். வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அவன் கண் சரியாத்தான் பார்த்திருக்கு. 'நெட் சோல்ட் தி ஃபிஷ்'னு பக்கத்து பக்கத்துல நிக்குதே, அவன் என்ன செய்வான்?" என்றார்.

பிறகு அட்டவணை போடாமல் படுக்கையாக ஒரு கோடு இழுத்தார். அதன் குறுக்கே, கோட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும்படி ஒரு செங்குத்துக் கோடு. அதற்கு இடப்பக்கம் 'மேன்', வலப்பக்கம் 'சோல்ட்'. அதற்கடுத்து, படுக்கைக் கோட்டோடு நின்றுவிடும் இன்னொரு குட்டைக் கோடு. அதற்கப்பால் 'ஃபிஷ்'. 'ஓல்ட்' என்பதை 'மேன்' அடியில் சாய்கோட்டில் தொங்கவிட்டார். கீழே தனியாக இன்னொரு படுக்கைக் கோடு. அதில் 'ஹூ', 'மெண்டட்', 'நெட்'. 'ஹூ'விலிருந்து மேலே 'மேன்' வரை புள்ளிக்கோடு. வலை கீழ்மாடிக்குப் போய்விட்டது. மேல்மாடியில் கிழவரும் விற்பனையும் மீனும்தான் மிச்சம். எழுந்து பதில் சொன்னவன், "கிழவர் சார்" என்றான், யாரும் கேட்காமலே.

இந்தக் கோட்டுப்படத்தைச் சார் கண்டுபிடிக்கவில்லை. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அமெரிக்கப் பாடநூல் ஒன்றிலிருந்து எடுத்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இருவர் 1877-இல் 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்' என்ற புத்தகத்தில் இதைப் பரப்பினார்கள். 1847-இலேயே ஸ்டீபன் கிளார்க் என்பவர் சொற்களைப் பலூன் பலூனாக அடைத்துப் படம் போட்டிருந்தார். பார்க்கத் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். ரீடும் கெல்லாக்கும் பலூனை உடைத்துக் கோட்டை வைத்தார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அமெரிக்கப் பிள்ளைகள் கரும்பலகை முன் நின்று கோடு இழுத்தார்கள்.

அவர்களுக்கு அது தாய்மொழியைத் திரும்பப் பார்க்கும் பயிற்சி. நமக்கு அதில் வேறொரு லாபம் உண்டு. தமிழில் அடைமொழியெல்லாம் முன்னால் வரும், வினை கடைசியில் வந்து கதவைச் சாத்தும். 'வலையைச் சரிசெய்த கிழவர் மீனை விற்றார்.' 'சரிசெய்த' என்ற பெயரெச்சம் கிழவருக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுவதால் வலை விற்குமோ என்ற சந்தேகமே எழாது. இங்கிலீஷில் கிழவர் முதலில் வந்துவிடுகிறார். அவரைப் பற்றிய சேதி பின்னால் தொங்குகிறது. இரண்டு வாக்கியத்தையும் கோட்டில் ஏற்றிப் பாருங்கள். மேல்கோட்டில் அதே மூன்று பேர், கீழே அதே தொங்கல். வரிசைதான் வேறு, எலும்பு ஒன்று. நாற்பது வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சொல்கிறேன்: நம் பிள்ளைகளைத் தடுக்கி விழவைப்பது தெரியாத வார்த்தை அல்ல. தெரிந்த வார்த்தை எதன்மேல் தொங்குகிறது என்று தெரியாததுதான்.

சார் கோடு இழுத்த அன்று ராத்திரி அதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிற்பப் பட்டறையில் வேலை செய்தவர். காவி தோய்த்த நூலைக் கல்லின்மேல் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுத்தான் உளியைத் தொடுவார். "நூல் அடிக்காம கல்லத் தொடுவாங்களா? உங்க சாருக்கு இப்பதான் தெரிஞ்சுதாமா?" என்றார். மறுநாள் சாரிடம் இதைச் சொல்லப் போக, அவர் நன்னூலுக்குத் தாவிவிட்டார். மரத்தின் கோணலைத் தீர்ப்பது தச்சனுடைய நூல், மனத்தின் கோணலைத் தீர்ப்பது புலவனுடைய நூல் என்று பவணந்தி முனிவர் பெயர்க்காரணம் சொல்லியிருக்கிறார் அல்லவா?

அதே நன்னூல் பொருள்கோள் எட்டு என்கிறது. செய்யுளில் சொற்கள் கிடக்கிற வரிசையும் பொருள் போகிற வரிசையும் ஒன்றானாலும் வேறானாலும் எப்படிச் சேர்ப்பது என்ற கணக்கு அது. ஆற்றுநீர் மாதிரி நேரே ஓடுவது ஒன்று. பூட்டுவில் மாதிரி முதலும் கடைசியும் வந்து பூட்டிக்கொள்வது ஒன்று. நடுவில் நிற்கும் சொல் ஊஞ்சல் போல இரு பக்கமும் போய்வருவது தாப்பிசை. புற்றுக்குள் நுழையும் பாம்பு தலையை மடக்கி மேலே வருகிற மாதிரி, கடைசிச் சொல் முதலுக்குப் போவது அளைமறிபாப்பு. படம் போடவில்லையே தவிர, ஆறும் வில்லும் ஊஞ்சலும் பாம்பும் படம் அல்லாமல் வேறென்ன? உரையாசிரியர்கள் 'கொண்டுகூட்டி' உரைத்ததும் சாக்பீஸ் இல்லாமல் செய்த இந்த வேலைதான். ரீடும் கெல்லாக்கும் நமக்குப் புதிதாகத் தந்தது கோடு. கூட்டுகிற புத்தி இங்கே இருந்தது.

மாமல்லபுரத்துக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. பெரிய பாறைச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. எனக்கு அது ஓர் இலக்கணச் சண்டையாகத் தோன்றும். நடுவில் இருக்கும் பிளவை மேல்கோட்டில் வைத்தால் கங்கை இறங்குகிறாள், அது பகீரதன் கதை. ஒற்றைக் காலில் நிற்பவரையும் வரம் தரும் சிவனையும் வைத்தால் அர்ச்சுனன் கதை. சுற்றுலா வருகிறவர்களோ தவம் செய்யும் பூனையைத்தான் முதலில் தேடுகிறார்கள். பூனை சாய்கோட்டில் தொங்குகிற அடைமொழி. ஆனால் அதுதான் மனசில் நிற்கிறது, என்ன செய்ய.

இந்தக் கோடு இழுக்கும் முறைக்கு எதிர்க்கட்சியும் உண்டு. இலக்கணத்தைத் தனியாகப் பிரித்துக் கற்பிப்பதால் மாணவர்கள் எழுதுவது மேம்படவில்லை என்று 1963-இல் அமெரிக்க ஆய்வறிக்கை ஒன்று அடித்துச் சொன்னது. நம் பக்கம் இங்கிலீஷ் கற்பித்தல் ஆய்வாளர் என். எஸ். பிரபு 1979 முதல் பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைச் சொல்லித்தராமல், பொருளில் கவனம் வைக்கிற வேலைகளைக் கொடுத்தார். மொழி தானாக வரும் என்பது அவர் கட்சி. பேசுவதற்கு அவர் சொல்வதே சரி. கோடு இழுத்து யாரும் இங்கிலீஷ் பேசியதில்லை, நானும் கல்லூரி போன பிறகுதான் வாயைத் திறந்தேன். வாசிப்பது வேறு. நமக்கு வருகிற இங்கிலீஷில் பாதி, பேசுகிற இங்கிலீஷ் அல்ல. பத்திரம், நோட்டீஸ், தீர்ப்பு.

ஓய்வுபெற்ற பின் ஒரு சாயங்காலம், எங்கள் கடற்கரைக் குப்பத்தில் தெரிந்த அண்ணன் ஒருவர் வங்கிக் கடிதம் ஒன்றை நீட்டினார். படகுக் கடன். ஒரே வாக்கியம், ஏழு வரி. அவர் பையன் பிளஸ் டூ. எல்லா வார்த்தையும் தெரிகிறது, விஷயம் புரியவில்லை என்றான். கவிழ்த்துப் போட்ட படகின் வயிற்றில் சாக்பீஸால் கோடு இழுத்தேன். 'வேர்ஆஸ்' என்று தொடங்கிய முதல் ஐந்து வரி கீழே போனது. அதற்குள் இருந்த தேதிகளும் பிரிவு எண்களும் சாய்கோட்டில் தொங்கின. மேல்கோட்டுக்கு மிஞ்சியது 'யூ', அதற்குப் பக்கத்தில் 'ஆர் ரிக்வெஸ்டட்'. கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். முப்பது நாளில் கட்டச் சொல்லி.

அண்ணன் வலை பின்னும் ஊசியால் அந்தக் கோட்டின் இடது முனையைத் தொட்டார்.

"இது நான். சரி. கேட்டுக்கிறது யாரு சார்?"

கட்டளை வாக்கியமானால் தோன்றா எழுவாய் என்று அடைப்புக்குள் ஒரு சொல்லைப் போட்டுவிடலாம். இதில் அதற்கும் இடமில்லை. பையன் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடியில் கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு சுழி, படிக்க முடியவில்லை. அண்ணன் ஊசியை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.