பேஸ்மென்டுக்கு எந்தத் தரை?



ரொறன்ரோவுக்கு வந்த நம்மவர்களில் பேஸ்மென்டில் குடியிருக்காமல் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் குறைவு. சொந்த வீடு வாங்கிய பிறகும் பேஸ்மென்ட் நம்மை விடுவதில்லை. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பா தங்க வேண்டும், பிள்ளைகள் விளையாட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கடன் கட்ட வாடகைக்கு விட வேண்டும். ஆகவே, அங்கே என்ன தரை போடுவது என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிறது. நாம் கடைக்குப் போய் நிறத்தையும் விலையையும் பார்க்கிறோம். தொழில் தெரிந்தவரைக் கூப்பிட்டால் அவர் நிறத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டார். மூலையில் குந்தி, சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்.

அந்த உப்புத்தான் முதல் சாட்சி. மண்ணில் உள்ள ஈரம் கொங்கிறீட்டின் நுண்துளைகள் வழியே ஏறி ஆவியாகும்போது, தான் கரைத்துக்கொண்டு வந்த உப்பை மேலே விட்டுப்போகிறது. பழைய வீடுகள் பலவற்றில் கொங்கிறீட்டுக்குக் கீழே பொலித்தீன் விரிக்கப்படவில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

இன்னொரு ஈரம் மேலிருந்து வருவது. யூலை மாதத்துப் புழுக்கமான காற்று குளிர்ந்த தரையில் படும்போது, ஐஸ் தண்ணீர்க் கோப்பை வியர்ப்பதுபோலத் தரையும் வியர்க்கிறது. ‘வெக்கையாக இருக்கிறது, யன்னலைத் திறந்து காயவிடுவோம்’ என்று நாம் செய்யும் வேலை அந்த நேரத்தில் ஈரத்தைக் கூட்டத்தான் உதவும்.

எந்த ஈரம் என்று அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமாகப் பொலித்தீனை வெட்டி, நாலு பக்கமும் இடைவெளியின்றி ரேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். அதற்கு டீஹியூமிடிபையர் போதும். ஒருமுறை காய்ந்திருந்தது என்று நிம்மதியடைய வேண்டாம். பனி உருகும் ஏப்ரலில் ஒருதரம், கோடையில் ஒருதரம் பார்க்க வேண்டும்.

இனித் தரைக்கு வருவோம். லமினேட் வேண்டாம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. விளிம்பால் ஈரம் புகுந்தால் ஊதிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. சுவருக்குச் சுவர் கார்ப்பெட்டும் எனக்குப் பிடிக்காது. காலுக்கு இதம்தான், ஆனால் அதில் தங்கும் தூசி பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. நனைந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைக்க வேண்டும். அடியிலுள்ள பஞ்சு மெத்தையை அப்படிக் காயவைப்பது கடினம்.

இப்போது எல்லாரும் போடுவது வைனில் பலகை. பெட்டியில் ‘வாட்டர்புரூஃப்’ என்று பெரிதாக அச்சடித்திருக்கும். பலகைக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் அதன் பொருள். பலகைக்கு அடியில் ஈரம் சிறைப்பட்டால் நாற்றம் மேலே வரும். எனவே பசை பூசி ஒட்டுவதைவிட, ஒன்றோடொன்று கொளுவிப் போடும் வகை நல்லது. வேண்டும்போது கழற்றிக் காயவைத்து மீண்டும் போடலாம். அதற்குக் கீழே, புடைப்புகள் கொண்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டால் கொங்கிறீட்டுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி கிடைக்கும். கூரை ஒரு அங்குலம் தாழ்ந்தாற்போல் இருக்கும், பரவாயில்லை.

என் வாக்கு செரமிக் டைல்ஸுக்குத்தான். சுட்ட மண்ணுக்கும் சீமெந்துச் சாந்துக்கும் ஈரம் பகையில்லை. ‘குளிருமே’ என்பார்கள். உண்மைதான். கட்டிலடியில் ஒரு சிறிய விரிப்பைப் போடுங்கள். நனைந்தால் தூக்கி வெளியே உலர்த்தலாம். ஆனால் கொங்கிறீட்டில் வெடிப்பிருந்தால் அதை முதலில் கவனியுங்கள். இல்லாவிட்டால் அதே வெடிப்பு டைல்ஸிலும் தோன்றும்.

2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. 2024 யூலையிலும் நகரில் வெள்ளம். அப்படியான நாளில் எந்தத் தரையும் காப்பாற்றாது. கூரைத் தண்ணீர் வீட்டு அத்திவாரத்தை விட்டுத் தள்ளி விழுகிறதா, சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரைக்கு வைத்திருக்கும் காசில் பாதி அதற்குப் போனாலும் நட்டமில்லை.

பழைய தரையைப் பெயர்க்கும்போது ஒன்பது அங்குலச் சதுர டைல்ஸ் தென்பட்டால் உடைக்காதீர்கள். அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பரிசோதித்த பிறகுதான் கைவைக்க வேண்டும். தரையிலுள்ள வடிகால் துளையையும் மூடிவிடாதீர்கள். அதற்குள்ளே நிற்கும் தண்ணீர் வற்றினால் சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறும். இடைக்கிடை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் சரி.